சுத்தபத்தத்தின் நாற்காலி

கணவனின் அண்ணனுக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பெயர் சுத்தபத்தம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கைச் சுளிப்பார். தண்ணீர் கொடுத்தால் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். சாப்பாட்டு மேஜையில் அவருக்கென்று கை வைத்த நாற்காலி ஒன்று. வேறு யாரும் அதில் உட்காரக்கூடாது, குழந்தைகூட.

போன வாரம் அந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அவர்களோடு தங்கியிருக்கும் அவளுடைய அப்பா எதிரில் இருக்கும்போதே, வாய் கூசாமல் சொன்னார்.

"எப்படிடா தம்பி இவரோட ஒக்காந்து சாப்பிடுற? அவரு நாற்காலியப் பாரு, கொமட்டுது. பேசாம ஒரு முதியோர் ஹோம்ல சேத்துடு. நானே நல்ல எடமா பாத்துட்டு அடுத்த வாரம் வரேன்."

அப்பாவுக்குக் கை நடுக்கம். கரண்டி வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி சிந்திவிடும். அன்று கரண்டியைக் கீழே வைத்தவர்தான், மறுநாளிலிருந்து சமையலறையில் மூலையோரமாக நின்றபடி சாப்பிட ஆரம்பித்தார். கேட்டால், "நின்னு சாப்பிட்டா நல்லா ஜீரணமாகுதும்மா" என்றார்.

கணவன் நல்லவன்தான். அண்ணன் முன்னால் மட்டும் தலையாட்டி பொம்மை. "நீ நாற்காலியெல்லாம் பளிச்சுனு ஆக்கி வை. மத்தத நான் அண்ணாகிட்ட பேசிக்கிறேன்" என்றான். இவன் பேசிக் கிழித்ததை எல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். ஆனாலும் கறை இல்லையென்றால் அந்த மனுஷனுக்குச் சொல்ல வாயிருக்காது அல்லவா? அப்பாவை எங்கேயும் அனுப்பாமல் இருக்க அவளிடம் இருந்தது இந்த ஒரு வழிதான்.

சனிக்கிழமை காலையிலேயே நாற்காலிகளைக் கூடத்தில் கவிழ்த்துப் போட்டாள். அடியில் திருகாணிகளைக் கழற்றினால் துணி போர்த்திய இருக்கை தனியாகக் கையில் வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு, கொஞ்சம் வினிகர். தண்ணீரைக் கொட்டினால் உள்ளே பஞ்சு ஊறி நாறும். துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றி ஒற்றி எடுக்கவேண்டும். தேய்த்தால் கறை இன்னும் பரவும்.

முதலில் அப்பாவின் நாற்காலி. சூப், டீ, இருமல் மருந்து. ஒற்றிய துணியில் பழுப்பாக வந்தது, பிசுபிசுவென்று ஒரு புளித்த வாடையும் வந்தது. பெற்ற அப்பாவுடையது என்றாலும் அருவருப்பு அருவருப்புதானே, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் செய்தாள். ஆனால் கறை கொஞ்சமும் அடம்பிடிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் துணியின் பழைய நீல நிறம் வெளியே வந்துவிட்டது. இதற்குத்தானா ஒரு மனுஷனை வீட்டைவிட்டு அனுப்பப் பார்த்தார்கள்?

கடைசியாகச் சுத்தபத்தத்தின் நாற்காலி. மேலே பார்த்தால் நேற்றுக் கடையில் வாங்கியது போல இருந்தது. தூசி தட்டினால் போதும் என்றுதான் இருக்கையைக் கழற்றி எடுத்தாள். அடிப்பக்கத்தைப் பிடித்த விரல்களில் என்னவோ சொரசொரவென்று தட்டுப்பட்டது.

திருப்பிப் பார்த்தாள்.

வலப்பக்க ஓரம் நெடுக மூக்குச் சளி. உருட்டி உருட்டி ஒட்டியது. காய்ந்து கறுத்தவை, மஞ்சளாக இருந்தவை, போன வாரத்தியது போல இன்னும் பளபளத்தவை. நடுநடுவே மென்று துப்பிய சூயிங்கம். துணியை மடித்து ஆணி அடித்திருந்த இடுக்கில் பல் குத்திய குச்சிகள், அவற்றின் நுனியில் எப்போதோ தின்ற இறைச்சியின் நார். ஒன்றில் ஒரு முடியும் ஒட்டியிருந்தது. அவர் உபதேசம் செய்யும்போதெல்லாம் வலது கை மேஜைக்குக் கீழே போய்விடுவது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அந்தக் கையால்தான் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுவார்.

குழாயடிக்கு ஓடினாள். காலையில் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. கையைச் சோப்பு போட்டுக் கழுவினாள், மறுபடி கழுவினாள். தோலை உரித்துப் போட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டு அவன் நகர்ந்து நின்றான்.

"ஐயே! சரி சரி, அத அப்படியே திருப்பி மாட்டிடு. அண்ணாவுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவாரு."

"எங்கப்பா சங்கடப்படலையா?"

"மெதுவா பேசேன். இதப் போயி பெருசு பண்ணிக்கிட்டு..."

அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மனுஷன் பக்கத்திலா இத்தனை வருஷம் படுத்திருந்தோம் என்று தோன்றியது. சளியைப் பார்த்தபோது வயிறு புரட்டியது உண்மைதான், இவனைப் பார்த்தபோது அதைவிடப் புரட்டியது.

ஞாயிற்றுக்கிழமை சுத்தபத்தம் வந்தார். அவள் அப்பாவைச் சமையலறையிலிருந்து கையைப் பிடித்து அழைத்துவந்து, துடைத்து வைத்த அவருடைய நாற்காலியிலேயே உட்கார வைத்திருந்தாள்.

"எடம் பாத்துட்டேன்டா" என்று ஆரம்பித்தபடியே சுத்தபத்தம் தன் நாற்காலியை இழுத்தார். இழுத்தவர் நின்றுவிட்டார்.

இருக்கையை அவள் கவிழ்த்து வைத்திருந்தாள். அடிப்பக்கம் மேலே இருந்தது. எதையும் துடைக்கவில்லை.

"இந்தக் கறை மட்டும் போகலை அத்தான்" என்றாள். "யாரோடதுன்னு தெரியாம எப்படித் தொடைக்கிறது? ஒக்காருங்க."

கணவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சுத்தபத்தத்தின் காது மடல் சிவந்தது.

அப்பாவுக்குக் கண்ணும் மங்கல். என்ன நடக்கிறதென்று புரியாமல், வந்தவர் உட்கார இடமில்லாமல் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நடுங்கும் கையை மேஜையில் ஊன்றி எழுந்தார்.

"இதுல ஒக்காருங்க தம்பி. கூச்சப்படாதீங்க, சுத்தமாத்தான் இருக்கு. நேத்து எம்பொண்ணு முழுக்கத் தொடச்சு வச்சா."

சுத்தபத்தத்துக்கு அதில் உட்காருவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அவள் அப்பாவுக்கு இன்னொரு நாற்காலியைப் பக்கத்திலேயே போட்டுச் சூப்பை ஊற்றினாள். சுத்தபத்தம் அன்று சாப்பிட்டு முடிக்கும்வரை இரண்டு கையையும் மேஜை மேலேயே வைத்திருந்தார். பார்த்துவிட்டு வந்த இடத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.