சித்தப் பொறுங்கண்ணா

பனிக்காலம் வந்தால் குன்னூரில் கேஸ் அடுப்பும் சோம்பிப்போகும். மரகதத்தின் எதிர் ஃப்ளாட்டில் தனியாக இருந்த செல்லையாவுக்கோ பொறுமையே கிடையாது. சிலோன் எஸ்டேட்டில் பிறந்தவர். விடிந்ததும் பால் கலக்காத பிளேன்டீ வேண்டும். மரகதத்தின் சமையலறை வாசலில் வந்து நிற்பார்.

"தங்கச்சி, சிலிண்டர் பக்கத்தில கொஞ்சம் நெருப்பு வையேன். கேஸ் நல்லா வரும்."

"ஏனுங்கண்ணா, கட்டடத்தையே தூக்கறதுக்கா? சித்தப் பொறுங்க!" என்று எரிந்துவிழுவாள். அவர் முணுமுணுத்தபடியே காத்திருந்து, உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே தேநீரைக் குடிப்பார்.

போன தை மாதம் மரகதம் உறவுக்காரர் கல்யாணத்துக்காகக் கோயமுத்தூர் போயிருந்தாள். அன்று காலை செல்லையா தன் வீட்டுச் சிலிண்டரின் அருகே கரியடுப்பை மூட்டிவைத்தார். வெடித்ததில் அந்தத் தளத்துச் சுவர்களெல்லாம் சரிந்தன. செல்லையா பிழைக்கவில்லை.

சுவர்களைத் திரும்பக் கட்டி முடித்தார்கள். இந்த மார்கழியிலும் அடுப்பு சோம்பியது. தேநீர் கொதிக்கும்வரை மரகதம் அடுப்பருகிலேயே நின்றாள். பிறகு உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக்கொண்டு, எதிர்வீட்டுப் புதுக் கதவைப் பார்த்துக் கத்தினாள்:

"கொதிச்சிருச்சு பாருங்க! இவ்வளவு நேரந்தானுங்கண்ணா!"