ரோசம்மாவின் கரண்டி

கடிகாரம் எட்டு காட்டியது. ஜப்பான்காரன் வந்த பிறகு எல்லாம் தோக்கியோ நேரம். வெளியே அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. முகம் கழுவினேன். அவித்த மரவள்ளி இரண்டு துண்டு தின்றேன். ஆணியில் மாட்டியிருந்த குழம்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன்.

வெள்ளை எனாமல் கரண்டி. அதில் அள்ளினால் கொசுப்புழு தெளிவாகத் தெரியும். என் மனைவி ரோசம்மாவின் சீரோடு வந்தது.

சிங்கப்பூர்க் கல்லூரியில் விலங்கியல் படித்தவன் நான். மலேரியா ஒட்டுண்ணி பற்றிய என் ஆய்வு போரால் பாதியில் நின்றது. இப்போது செமிலிங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கொசுப்புழு எண்ணுகிறேன். போன வருஷம் மரவள்ளி நடுவதற்காகக் கீழோடை மரங்களை வெட்டினார்கள். இங்குள்ள மலேரியாக் கொசு வெயில் படும் ஓடையில்தான் முட்டையிடும். மூன்று மாதத்தில் தொழிலாளர் லயத்தில் பதினொரு பேர் செத்தார்கள். ஒன்பதாவது ரோசம்மா.

அடுத்து மேலோடை மரங்களாம். கீழோடையில் கொசு பெருகவில்லை என்று நான் கையெழுத்திட்டால்தான் மேலிடம் அனுமதி தரும். இல்லையென்றால் மரம் நிற்கும்.

மேலோடை நிழலில் பத்து முறை அள்ளினேன். ஒன்றுமில்லை. கீழோடையில் பத்து முறை. நாற்பத்தாறு புழு. எல்லாவற்றையும் கரண்டியிலேயே சேர்த்து எடுத்துக்கொண்டேன். ஆபீசுக்குப் போய்ப் பதிவேட்டில் அப்படியே எழுதினேன்.

ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி முருகையா எட்டிப் பார்த்தார். "என்ன சிரில் தம்பி இது? கொசு இல்லைன்னு ஒரு வரி எழுதுனா கை தேஞ்சா போயிடும்?"

"நாப்பத்தாறு இருக்குண்ணே. நீங்களே எண்ணிப் பாருங்க." கரண்டியைத் தண்ணீரோடு மேசையில் வைத்தேன்.

"அடச்சீ, எடு லா! பெரியவன் வர்ற நேரம்."

பக்கத்தைக் கிழித்தார். மறுபடி எழுதினேன். மறுபடி கிழித்தார். மூன்றாவது முறை எழுதும்போது ஜப்பானிய அதிகாரி வந்து நின்றார். முருகையா மலாய் மொழியில் விளக்கினார். அதிகாரி கரண்டிக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரே சொல் சொல்லிவிட்டுப் போனார்.

சயாம்.

"கேட்டியா? சயாம்ல ரயில் ரோடு போடுற வேலைக்கு உன் பேர் போயிடும். போனவன் எவன் திரும்பி வந்தான்? இப்பவாச்சும் மாத்திப் போடு. ஓடிப் போய் அவன்கிட்ட காட்டுறேன்."

"ரோசம்மா சவப்பொட்டிய நீங்களும்தானே தூக்குனீங்க?"

முருகையா மூன்றாவது பக்கத்தைக் கிழிக்கவில்லை. மையை ஒற்றி எடுத்துப் பதிவேட்டை மூடினார்.

"இது இப்படியே மேலிடத்துக்குப் போகும். நான் பாத்துக்குறேன். நீ வெளிய வாயத் தொறக்காத."

நாளைக்கு லாரி. இரண்டு சட்டை, ஆய்வுத் தாள்கள், கரண்டி. கட்டிவிட்டேன். சயாமிலும் ஓடை இருக்கும், வெட்டிய காடு இருக்கும். அங்கேயும் எண்ணுவேன்.

அன்றும் இதே கரண்டியோடுதான் கிளம்பினேன். ரோசம்மா காய்ச்சலில் பாயில் கிடந்தாள். திரும்பி வந்தபோது பேச்சு நின்றிருந்தது. நான் படியிறங்கும்போது அவள் சொன்னது இதுதான்:

"என் கரண்டிய ஓடையில விட்டுட்டு வந்துறாதீங்க. நல்லா கழுவி மாட்டுங்க, நாளைக்குக் குழம்பு ஊத்தணும்."