நூற்று இருபத்தேழாவது இதழ்

இடிக்கையனும் பனிநாகமும் நேருக்கு நேர் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? இதற்குப் பதில் தெரியாமல் அந்த ஊரில் சில பேருக்குச் சோறு இறங்குவதில்லை. இரண்டு பேரும் ஒரே மாதப் படக்கதை இதழில் வருகிறவர்கள். இருபது வருஷமாகத் தனித்தனிக் கதைகளில் அடிதடி நடத்துகிறார்கள், ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. அதனால் ரசிகர்கள் ஞாயிறுதோறும் நூலக மாடியில் கூடி, அவர்களுக்குப் பதிலாகத் தாங்கள் மோதிக்கொள்வார்கள்.

அந்தக் கூட்டத்தில் எல்லோரும் 'எக்ஸ்ரே' என்று கூப்பிடும் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. மற்றவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். இவள் எலும்பை வைத்துப் பேசுவாள். எந்த இதழில் யாருக்கு எங்கே அடி, அது சேர எத்தனை வாரமாகும், அதற்குள் ஆள் மறுபடி சண்டைக்குக் கிளம்பிவிட்டாரா என்று பதினொரு நோட்டு எழுதி வைத்திருந்தாள்.

பதினொன்றையும் அவள் அண்ணன் விழுங்கினான். ரசிகர் மன்றத் தலைவர் அவன்தான். மைக் கைக்கு வந்தால் அவனிடமிருந்து பிடுங்கத்தான் வேண்டும். போன வருஷம் அந்த நோட்டுகளிலிருந்து நாலு கட்டுரை அவன் பெயரில் இதழில் வந்தன. போய்க் கேட்டதற்கு, "வீட்ல சும்மா கிடந்த நோட்டுதானே? நீ எழுதினா எவன் படிப்பான்?" என்றான். அம்மாவோ, "உன் அண்ணன்தானே, விட்டுக்கொடுடி" என்றாள். விட்டுக்கொடுப்பதற்கென்றே பெற்றாள் போலிருக்கிறது. எக்ஸ்ரேவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரிச்சல் ஆறுவதற்குள் அடுத்த சேதி வந்தது. இரண்டு வீரர்களின் சண்டை வரலாற்றையும் புத்தகமாகப் போடப்போகிறார்களாம். இதழின் ஆசிரியரே வரும் ஞாயிறு விவாதத்துக்கு வந்து, எழுதப்போவது யார் என்று அங்கேயே அறிவிப்பாராம். அண்ணன் புதுச் சட்டை வாங்கினான். எக்ஸ்ரே புது நோட்டு வாங்கினாள்.

'விட்டுப்போனவை' என்று தலைப்புப் போட்டு, பழைய நோட்டுகளில் இல்லாததையெல்லாம் அதில் எழுதினாள். எல்லாம் சுத்தமான உண்மை, ஒரு வரியைத் தவிர: 'இதழ் 127. பனிநாகத்துக்கு இடது தோள் எலும்பு முறிவு. சரியாகச் சேரவில்லை.' பிறகு அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒளித்தாள். ஒளித்தால்தான் அவன் எடுப்பான். மூன்றாம் நாள் நோட்டு வைத்த இடத்திலேயே இருந்தது, மேலே இருந்த துணி மட்டும் மடிப்பு மாறியிருந்தது.

ஞாயிறு வந்தது. பனிநாகத்தின் கட்சிக்காரர் பல் டாக்டர். "பனிநாகத்துக்கு இன்னிவரைக்கும் ஒரு எலும்பாவது முறிஞ்சிருக்கா? சொல்லுங்க பாப்போம்!" என்று சவால் விட்டார்.

அண்ணன் சிரித்துக்கொண்டே எழுந்தான். "டாக்டர் நூத்தி இருபத்தேழாவது இதழை மறந்துட்டார். இடது தோள். சரியா சேரவே இல்ல. இடிக்கையன் அங்க ஒரு குத்து விட்டா கதை முடிஞ்சுது."

பல் டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது... ஆமா. அந்த இதழ்ல நடந்துச்சு."

"அதைப் படிச்சிட்டு நான் அழுதுட்டேன் சார்" என்றார் கூட்டத்திலிருந்த லாரி டிரைவர் ஒருவர். ஆசிரியரும் தலையாட்டினார். அவர் வேலைக்குச் சேர்ந்தே நாலு வருஷம்தான்.

எக்ஸ்ரே போட்ட கணக்கு தப்பிவிட்டது. அண்ணன் மாட்டுவான் என்று பார்த்தால், இல்லாத இதழை ஊரே படித்திருக்கிறது! ஒரு இதழைப் படிக்கவில்லை என்று ஒத்துக்கொள்வதைவிட ரசிகன் உயிரை விடுவான். அதை அவள் யோசிக்கவில்லை. இனி வாயைத் திறக்காவிட்டால் புத்தகமும் போய்விடும்.

"அண்ணா, அந்த இதழோட அட்டை என்ன கலர்?"

"சிவப்பு."

"நீலம் சார்" என்றார் டிரைவர். பல் டாக்டர் பச்சை என்று அடித்துச் சொன்னார். மூவரும் அதற்கும் சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள்.

எக்ஸ்ரே நூலக அலமாரியிலிருந்து பழைய இதழ்களின் தொகுப்பை எடுத்து ஆசிரியர் முன்னால் விரித்தாள். 126-க்கு அடுத்த அட்டையில் 128 என்று இருந்தது.

"நம்பர் போடறப்போ அச்சகத்துல ஒண்ணைத் தாண்டிட்டாங்க சார். நூத்தி இருபத்தேழுன்னு ஒரு இதழ் வரவே இல்ல."

மாடி அதிர்ந்தது. அழுத டிரைவர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். அண்ணனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவமானம் தாங்காமல் கத்தினான்: "என்னைப் பாத்து ஏன் சிரிக்கிறீங்க? அவ நோட்டுல அப்படித்தான் எழுதியிருந்துச்சு!"

எல்லோரும் ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்த நோட்டு?" என்றார் ஆசிரியர். "எல்லாம் ஞாபகத்துலேருந்து எழுதறதாத்தானே சொன்னீங்க?"

அண்ணன் புதுச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். ஆசிரியர் எக்ஸ்ரே பக்கம் திரும்பினார். "நோட்டு எல்லாத்தையும் நாளைக்கு ஆபீசுக்குக் கொண்டு வாங்கம்மா. உங்க பேர்லயே போடலாம்."

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அண்ணனைப் பார்த்தாள். ஐயோ பாவம் என்று மருந்துக்குக்கூடத் தோன்றவில்லை.

படியில் இறங்கும்போது அவன் பின்னாலேயே ஓடிவந்தான். "கூடப்பொறந்தவனையே இப்படி மாட்டி விடுவியா? பன்னண்டு நோட்டையும் ராப்பகலா உக்காந்து காப்பி எடுத்திருக்கேன்டி! ஒரே ஒரு பொய்யை வெச்சு..."

"ஒண்ணுதான் வெச்சேன்னு உனக்கு யார் சொன்னா?"

அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். உண்மையில் அவள் வைத்தது ஒன்றே ஒன்றுதான். அதை இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.