ஆர்வில் பிங்க்கம் சாகாத சனிக்கிழமை

1

இந்தக் கதை ஒரு தட்டச்சுப் பழக்கத்திலிருந்து பிறந்தது. வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதற்குள் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நடந்த தப்பு என்னுடையது. படத்தொகுப்பாளர் ஹெர்ஷலுடையது அல்ல. அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, அதனால் இதை அச்சிலேயே போட்டுவிடுகிறேன்.

‘சால்ட் ஃபோர்க் மார்ஷல்கள்’ என்ற தொலைக்காட்சித் தொடருக்கு ஐந்து ஆண்டுகள் கதை எழுதியவன் நான். சனிக்கிழமை மாலை ஏழரை மணி. அரை மணி நேரத்தில் சோப்புக் கம்பெனி விளம்பரம் போக இருபத்தைந்தரை நிமிடம் எங்களுக்கு. அதற்குள் ஓர் அநியாயம் நடக்க வேண்டும், அந்த ஊர்க் காவலர்களான இரண்டு மார்ஷல்கள் குதிரை ஏற வேண்டும், யாராவது ஒருவன் சாக வேண்டும், நியாயம் நிலைக்க வேண்டும். நீங்கள் பார்க்காவிட்டாலும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருப்பார்.

இப்போது இதை எப்படித் தொடங்குவது என்று பார்ப்போம்.

முதல் முயற்சி: ‘புழுதி எழுந்தது. தொலைவில் இரண்டு குதிரைகள்—’

(அடித்துவிட்டேன். எங்கள் புழுதி தானாக எழுந்ததே கிடையாது. ஓர் ஆள் கோணிப்பையோடு ஓரமாக நின்று அள்ளி வீசுவார்.)

இரண்டாம் முயற்சி: ‘காதல் என்பது ஐம்பது வயதுக்கு மேல்—’

(இதையும் அடித்துவிட்டேன். ‘உனக்கு அதைப் பற்றி என்ன தெரியும்?’ என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்வி.)

மூன்றாம் முயற்சி: ஆர்வில் பிங்க்கம் நாற்பத்தொரு முறை செத்தவர்.

இது நிற்கிறது. இங்கிருந்தே போகலாம்.

2

ஆர்வில் எங்கள் தொடரின் ஆஸ்தான பிணம். வங்கிக் கொள்ளையில் செத்திருக்கிறார், மாட்டுத் திருட்டில் செத்திருக்கிறார், ஒரு முறை சீட்டாட்ட மேசையில் சீட்டைக் கையில் பிடித்தபடியே செத்தார். ஒரு வாரம் மீசை, அடுத்த வாரம் தாடி, அதற்கடுத்த வாரம் கண்ணில் கறுப்புத் துணி. வசனம் பெரும்பாலும் ‘ஆ!’ என்பதுதான். அதை நான்தான் எழுதிக் கொடுப்பேன்.

ஒரு திங்கட்கிழமை மதியம், அப்போதுதான் சுடப்பட்டு விழுந்த தூசி முகத்தில் அப்படியே இருக்க, என் அறைக்கு வந்தார்.

“தம்பி, ஒரு ஒதவி வேணும்.”

“சொல்லுங்கண்ணே.”

“என்னய ஒரே ஒரு வாரம் சாவடிக்காம விடு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“டெல்ஃபாகிட்ட கேட்டுட்டேன்ப்பா. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு.”

ஸ்டுடியோ வாசலுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் டெல்ஃபா க்ரேட்டன். கணவர் இறந்து ஆறு வருடம். மிளகாய் போட்ட பீன்ஸும் செர்ரிப் பழம் அடைத்துச் சுட்ட ‘பை’யும் அவர் கடையில் சாப்பிடாதவர் எங்கள் ஸ்டுடியோவில் கிடையாது.

“என்ன சொன்னாங்க?”

“‘ஒருத்தரப் பொதச்சாச்சு. வாராவாரம் இன்னொருத்தரப் பொதைக்க நம்மளால ஆகாது’ன்னுட்டா. நீ துப்பாக்கிய எடுத்தாலே அவ அடுக்களைக்குள்ள போயிடுறாளாம்.”

“நான் எங்கண்ணே எடுத்தேன்? மார்ஷல்தானே எடுத்தான்?”

“எழுதுனது நீதானப்பா!” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒரே ஒரு சனிக்கெழம மொதல்லேருந்து கடைசி வரைக்கும் ஒக்காந்து பாப்பாளாம். முடியும்போது நான் நின்னுக்கிட்டு இருந்தா, சரின்னு சொல்லுவாளாம்.”

அவ்வளவுதான் கதை. இருபத்தைந்தரை நிமிடம் ஒரு மனிதர் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

3

டெல்ஃபாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இவரை என்னால் சரியாக எழுத முடியவில்லை.

முந்தைய பிரதியில் அவர் கணவரைக் கூரை வேலை செய்பவராக்கி, கூரையிலிருந்து விழுந்து இறந்ததாக எழுதியிருந்தேன். ஏன் என்று ஐந்தாம் பகுதிக்கு வந்தால் புரியும், அங்கே அது அருமையாகப் பொருந்தியிருக்கும். ஆனால் பொய். மனிதர் கணக்கெழுதும் வேலையில் இருந்து, நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் சாவை என் வசதிக்கு மாற்றி எழுதினேன் பாருங்கள், அதுதான் என்னைப் பிடித்த வியாதி.

(அதே பிரதியில் டெல்ஃபா ஏப்ரனில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதார். அதையும் எடுத்துவிட்டேன். அவர் மற்றவர்களை அழ வைக்கக்கூடியவர்.)

நடந்தது இதுதான். மறுநாள் நான் கவுன்ட்டரில் உட்கார்ந்ததும் காப்பியை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“கண்ணு, அந்த மனுசன் மேல ஒனக்கு அப்பிடி என்ன கோவம்?”

“கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. தொழிலு.”

“நானுந்தான் தொழில் பண்றேன். இங்க சாப்ட்டவன் ஒருத்தன் செத்திருக்கானா?”

பக்கத்தில் இருந்த குதிரைக்காரர்கள் பீன்ஸ் புரையேறும் வரை சிரித்தார்கள். நான் செர்ரி பை கேட்டேன். தீர்ந்துவிட்டது என்றார். கண்ணாடிப் பெட்டியில் நான்கு துண்டு இருந்தது.

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன்.

4

தந்தி நிலைய அதிகாரி. அதுதான் ஆர்விலுக்கு நான் எழுதிய பாத்திரம். கைத்துப்பாக்கி இல்லை, குதிரை இல்லை, எதிரிகள் இல்லை. வாசல் தூணருகே நின்று, மார்ஷல்களுக்குக் கெட்ட செய்தி சொல்லி, சண்டையைப் பார்த்து, கடைசியில் நல்ல செய்தி சொல்லும் வேலை. மூன்று வாக்கியம் வசனம். ஆர்வில் தாளை வாங்கிப் படித்துவிட்டு, “மூணா!” என்றார்.

படப்பிடிப்பு அன்று மார்ஷல் கூட்டத்தைக் கலைக்க வானத்தை நோக்கி ஒரு வெடி போட்டார். ஆர்வில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்து விழுந்தார்.

“கட்! பிங்க்கம், உன்ன யாருய்யா சுட்டது?” என்று கத்தினார் இயக்குநர்.

“மன்னிச்சுக்கங்க சார். கை தானா போயிடுச்சு.”

இரண்டாவது முறையும் விழுந்தார். மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், ஆனால் முழங்கால் மடங்கிவிட்டது. ஐந்து வருடமாகச் சத்தம் கேட்டால் விழுந்துகொண்டிருந்த உடம்பு. நான்காவது முறைக்கு முன், புழுதி வீசும் கோணிப்பைக்காரர் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து, ஆர்விலின் இடுப்புப் பட்டையைப் பின்பக்கமாகத் தூணோடு சேர்த்துக் கட்டினார்.

“இப்ப சுடுங்க சார்,” என்றார். “இப்ப எப்பிடிச் சாவுறாருன்னு பாத்துடுவோம்.”

வெடித்தது. ஆர்வில் லேசாகக் குலுங்கினார். நின்றார். செட்டில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். அந்த வாரம் முழுக்க என் நடை கொஞ்சம் மிடுக்காகவே இருந்தது. ஒரு மனிதருக்கு உயிர் கொடுத்தவன் அல்லவா.

5

(இங்கே ஓர் அடிக்குறிப்பு. அடியில் போட்டால் படிக்க மாட்டீர்கள் என்பதால் நடுவில் போடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் ஓட்டல் செட்டின் கூரையிலிருந்து ஒரு கொள்ளைக்காரன் விழும் காட்சியைப் படம் பிடித்தோம். அபாரமாக வந்துவிட்டது. வெடி, தள்ளாட்டம், முகத்தில் அந்தத் திகைப்பு, பிறகு நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குள். இவ்வளவு நன்றாக இன்னொரு முறை யார் விழப்போகிறார்கள்? அன்றிலிருந்து எந்தக் கதையில் எவன் கூரையிலிருந்து விழுந்தாலும் அந்தப் படச்சுருளையே ஹெர்ஷல் வெட்டி ஒட்டுவார். எங்கள் தொடர் அப்படித்தான் ஓடுகிறது. அந்தச் சுருளில் வருகிற சட்டை கட்டம் போட்டது, அதனால் எங்கள் ஊர்க் கொள்ளைக்காரர்கள் கூரை ஏறுமுன் எப்படியாவது கட்டம் போட்ட சட்டைக்கு மாறிவிடுவார்கள். யாரும் கேட்டதில்லை.

சண்டைக் காட்சி வந்தால் என் விரல்கள் மூளையைக் கேட்காமலே ஒரு வரியை அடித்துவிடும்: ‘கூரையிலிருந்து ஒருவன் விழுகிறான். பழைய சுருள்.’

விழுந்தவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குச் சனிக்கிழமைதான் உறைத்தது.)

6

ஏழரை மணிக்கு டெல்ஃபாவின் கடையில் உட்கார இடமில்லை. கவுன்ட்டர் மூலையில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிக்கு நேர் எதிரே டெல்ஃபா கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஆர்வில், சலவைச் சட்டையும் கழுத்துப்பட்டையுமாக.

முதல் வசனத்தை ஆர்வில் திரையில் சொன்னபோது கடை அதிர்ந்தது. “அடேங்கப்பா, பேசுறாருய்யா!” என்று யாரோ கத்தினார்கள். டெல்ஃபா திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் செர்ரி பையில் ஒரு துண்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். அதில் பாதி சாப்பிட்டிருப்பேன்.

பதினேழாவது நிமிடம். சண்டை. மார்ஷல் ஓட்டல் கூரையைப் பார்த்துச் சுட்டார். கட்டம் போட்ட சட்டை தள்ளாடியது. அந்தத் திகைத்த முகம் திரை முழுக்க வந்தது. ஆர்வில் பிங்க்கம் கூரையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து செத்தார்.

அடுத்த காட்சி தந்தி நிலைய வாசல். தூணருகே நின்ற ஆர்வில் பிங்க்கம் அதைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்.

சோப்பு விளம்பரம் வந்தது. தட்டைத் தள்ளி வைத்தேன். ஆர்விலின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன். உண்மையிலேயே சுடப்பட்டவர் எப்படி இருப்பார் என்று அன்றுதான் தெரிந்தது. நாற்பத்தொரு தடவையும் நான் அதைத் தப்பாகவே எழுதியிருந்தேன்.

7

முடிவுகளைப் பார்ப்போம்.

முதல் முடிவு: டெல்ஃபா விழுந்து விழுந்து சிரிக்கிறார், ஆர்விலைக் கட்டிக்கொள்கிறார், பின்னணியில் பியானோ. (சோப்புக் கம்பெனி இதை வாங்கிக்கொள்ளும்.)

இரண்டாம் முடிவு: டெல்ஃபா எழுந்து அடுக்களைக்குள் போகிறார். கதவு ஆடி நிற்கிறது. (இதை எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்க என்னை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு கிழித்தேன். ஆர்விலை நாற்பத்திரண்டாவது முறையாகக் கொல்ல ஆசைப்படுகிறேன், வேறொன்றும் இல்லை.)

மூன்றாவது, நடந்தது. டெல்ஃபா மெதுவாக ஆர்வில் பக்கம் திரும்பினார்.

“சரி. ரெண்டு பேர்ல என்னயக் கேட்டது யாரு? விழுந்தவரா, நின்னு தொப்பியக் கழட்டுனவரா?”

கேலியாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரலில் கேலி இல்லை.

ஆர்வில் என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். செட்டில் வசனம் மறந்துபோனால் பார்க்கிற பார்வை. என்னிடம் வசனம் இருந்தது, அதுதான் கொடுமை. மூன்று தயாராக இருந்தன, ஒவ்வொன்றும் கைதட்டல் வாங்கும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“என்கிட்ட இல்லண்ணே. நீங்களே சொல்லுங்க.”

எழுந்து வெளியே வந்துவிட்டேன். இருந்தால் கேட்டிருப்பேன், கேட்டால் எழுதியிருப்பேன். தெருவில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆர்வில் பேசிக்கொண்டிருந்தார். ஐந்து வருடத்தில் நான் அவருக்கு எழுதிய அத்தனை வசனத்தையும் சேர்த்தால்கூட அவ்வளவு நீளம் வராது. நடுவில் ஒரு முறை திக்கினார், கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார், மறுபடி தொடங்கினார். விளம்பரம் முடிந்து மார்ஷல்கள் திரும்பி வந்தார்கள். இன்னும் எட்டு நிமிடம் பாக்கி. அதன் கடைசியில் ஆர்வில் நின்றுகொண்டிருக்கிறார், கயிறு கட்டி நிற்க வைத்திருக்கிறோம்.

டெல்ஃபா ஆர்விலிடமிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, பெட்டியை அணைத்தார்.

அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். சொல்வதாக இல்லை. நான் காலி செய்துவிட்டு வந்த இருக்கை ஆர்விலுக்கு இரண்டு இடம் தள்ளித்தான். நீங்கள் போய் உட்காருங்கள், பாதி பை இன்னும் தட்டில் இருக்கிறது. அவர் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம்.