உள்ளே ஆள் இருக்கா?

என் தங்கை லிஃப்டில் ஏற மாட்டாள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்துகொண்டு இதை வெளியே சொல்லவே எனக்கு வெட்கம். சின்ன வயதில் ஒருமுறை கரண்ட் போய் உள்ளே மாட்டிக்கொண்டாள். அதோடு சரி, எத்தனை மாடியானாலும் படிதான். கல்யாணமாகி ஏழாம் மாடிக்குக் குடிபோன பிறகும் காய்கறிப் பையோடு மூச்சு வாங்க ஏறுவாள். "ஊரையே மேல ஏத்தி இறக்குறீங்க, கூடப்பிறந்தவளை ஏத்த முடியலையே மச்சான்" என்று மாப்பிள்ளை என் காலை வாருவார். நான் அவளுக்குப் 'படிக்கட்டு' என்றே பேர் வைத்துவிட்டேன்.

அந்தப் படிக்கட்டுதான் இப்போது கட்டிலில் கிடக்கிறாள். ஸ்கூட்டரில் போனவளை ஒரு வேன் தட்டிவிட்டுப் போனதிலிருந்து இப்படித்தான். கண் திறக்கிறது, மூடுகிறது, யாரையும் பார்ப்பதில்லை. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள், அதில்தான் மூச்சு. கையும் காலும் அவ்வப்போது தானாக வெட்டி இழுக்கும். சளி கட்டிக் காய்ச்சல் வந்தால் மூச்சு மெஷினுக்கு மாற்றுவார்கள். அதிலிருந்து அவள் மீண்டு வருவதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வரும்.

மூளை டாக்டர் என்னையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசினார். நிதானமான பெண்மணி, ஆனால் எதையும் பூசி மெழுகத் தெரியாதவர்.

"மூளையில எந்த இடம் வேலை செய்யுதோ அங்க ரத்தம் கூடுதலா ஓடும். இந்த ஸ்கேன் அதை நிறமா காட்டும். 'நடக்குற மாதிரி நினைச்சுக்கோ'ன்னு காதுல சொல்லுவோம். உள்ள கேட்டுப் புரிஞ்சுக்கிற ஆள் இருந்தா, நடக்கிறதுக்கான இடத்துல நிறம் வரும்."

"வரலைன்னா?" என்றார் மாப்பிள்ளை.

"வரலைன்னா உடனே முடிவு கட்ட முடியாது. ஆனா அடுத்த காய்ச்சலுக்கு மெஷின் வேணுமான்னு நீங்க ரெண்டு பேரும் யோசிக்க வேண்டியிருக்கும்."

முதல் தடவை அவள் உடம்பு வெட்டி இழுத்ததில் படம் கலங்கிப்போனது. எனக்குப் பொறுமை கிடையாது. அசையாமல் இருக்க ஏதாவது ஊசி போடுங்கள் என்று நான்தான் அடம்பிடித்தேன். எங்கள் தொழில் புத்தி அது, எதையும் நிறுத்திவைத்துத்தான் பழுது பார்ப்போம். தெளிவான படம் வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கும் இருந்தது. மயக்க மருந்து கொடுத்து மறுபடி எடுத்தார்கள். படம் பளிச்சென்று வந்தது. அதில் ஒன்றுமே இல்லை. காதுக்கான இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு நிறம்.

அவள் அறை வாசல் வராந்தாவில் மாப்பிள்ளை சுவரைப் பார்த்தபடி சொன்னார். "போதும் மச்சான். அவளைக் கஷ்டப்படுத்த வேண்டாம். அடுத்த தடவை விட்டுடலாம்."

அவர் கெட்டவர் இல்லை. இத்தனை மாதமாக அவளைப் புரட்டிப் போட்டு, துடைத்து, தலை வாரிவிட்ட மனுஷன். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. நின்றுபோன லிஃப்டை எடுக்கப் போனால் முதல் வேலை கதவைத் தட்டிக் குரல் கொடுப்பது. பதில் வரவில்லையா, காலி என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பயத்தில் வாயடைத்துக் கிடப்பவர்களை நானே தூக்கியிருக்கிறேன்.

எங்களை நிறுத்தியது மயக்க மருந்து கொடுத்த டாக்டர். மூளை டாக்டரையும் கூட்டிக்கொண்டு அவரே தேடி வந்தார்.

"இந்தப் படத்தை வெச்சு 'இல்லை'ன்னு சொல்லிடாதீங்க. நான் குடுத்த மருந்து இருக்கே, அதுல சத்தம் காது வரைக்கும் போய்ச் சேரும். அதுக்கு மேல எடுத்துட்டுப் போய்ப் புரிஞ்சுக்கிற இடமெல்லாம் அணைஞ்சு கிடக்கும். என்னையே படுக்கவெச்சு அதே மருந்தைக் குடுத்தாலும் இதே படம்தான் வரும்."

"நான் ஒத்துக்கிட்டிருக்கக் கூடாது" என்றார் மூளை டாக்டர். "மருந்து இல்லாம இன்னொரு தடவை எடுத்தே ஆகணும்."

என் வாய் சும்மா இருக்குமா? கேட்டுத் தொலைத்தேன். "மருந்து இல்லைன்னா, அந்த ஸ்கேன் மெஷினோட குழலும் சத்தமும் அவளுக்குத் தெரியுமா?"

"உள்ள அவங்க இருந்தா தெரியும்" என்றார் மூளை டாக்டர்.

அவள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டால், அந்தக் குழலுக்குள் அவளைக் கண் விழித்தபடி அடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகிறது. வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளவும் மனம் வரவில்லை.

நடப்பதற்குப் பதில் படி ஏறச் சொல்லலாமா என்று மூளை டாக்டரிடம் கேட்டேன், சம்மதித்தார். குரலும் என்னுடையதே. ஸ்கேன் அறைப் பக்கம் இரும்பு ஆகாது என்று என் இடுப்பிலிருந்த லிஃப்ட் சாவியை ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உடம்பு வெட்டினாலும் தலை அசையாதபடி சுற்றிலும் பஞ்சு அடைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, குழலுக்குள் தள்ளினார்கள். மெஷின் இடிக்கத் தொடங்கியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக்கின் முன் உட்கார்ந்தேன்.

"பாப்பா, படி ஏறு."

சற்று நேரத்தில் திரையில் உச்சந்தலைப் பக்கம், டாக்டர் சொன்ன நடப்பதற்கான இடத்தில், நிறம் வந்தது. மாப்பிள்ளை என் தோளைப் பிடித்தார். இப்போது நிறுத்தச் சொல்லும்படி டாக்டர் கை காட்டினார்.

"பாப்பா, நில்லு."

நிறம் போகவில்லை. மறுபடி ஏறச் சொன்னேன், நிற்கச் சொன்னேன். நிறம் அப்படியேதான் இருந்தது. பக்கத்துத் திரையில் நாடித்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "நிக்கச் சொன்னா நிக்கணும். அப்பதான் கேட்டுச் செய்யறாங்கன்னு சொல்ல முடியும். இப்படியே இருந்தா, மெஷின்ல தானா வர்ற, அர்த்தமில்லாத இரைச்சல்னுதான் எடுத்துக்கணும்."

"பயப்படறாளோ?" மாப்பிள்ளையின் குரல் உடைந்தது. "டாக்டர், அந்த மருந்தைக் கொஞ்சமாவது குடுத்துடுங்க."

"பயம் போகும் மாப்பிள்ளை. கூடவே அவளும் அணைஞ்சு போயிடுவா" என்றேன் நான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சின்ன வயதில் கரண்ட் போன அன்றைக்கு லிஃப்ட் கதவைத் திறந்ததும் அவள் என்னைத் தள்ளிவிட்டுப் படியேறி ஓடினாள். "நில்லு, நில்லு" என்று கத்திக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன். நிற்கவில்லை. மொட்டை மாடிக் கதவைத் தள்ளி, வெளிக்காற்று முகத்தில் பட்ட பிறகுதான் நின்றாள்.

"டாக்டர், இது இரைச்சல் இல்லை. ஓடறா. மூடின இடத்துக்குள்ள வெச்சு நில்லுன்னா அவ நிக்க மாட்டா. நிக்கிறதுக்கு வேற வார்த்தை சொல்றேன்."

டாக்டர் நாடித்துடிப்பைப் பார்த்தார். "ஒரே ஒரு தடவைதான்."

"பாப்பா, படி ஏறு." நிறம் இருந்தது. "பாப்பா, மொட்டை மாடி வந்துடுச்சு. கதவு திறந்திருக்கு. வெளிய வந்துட்ட."

நிறம் மெல்ல மங்கியது. போயே போய்விட்டது.

மாப்பிள்ளை நாற்காலியில் சரிந்தார். "நாம பேசினதெல்லாம் கேட்டிருப்பாளே மச்சான்." இத்தனை மாதமாக லிஃப்ட் நடுவில் நின்றிருக்கிறது, உள்ளே அவள் இருந்திருக்கிறாள், வெளியே நின்று நாங்கள் அதை மூடிவிடலாமா என்று பேசியிருக்கிறோம்.

டாக்டர் என் பக்கம் குனிந்தார். அவர் குரலும் மாறியிருந்தது. "தற்செயல்னு யாரும் சொல்லிடக் கூடாது. இன்னொரு தடவை ஏறி, நிக்கணும். உங்களால முடியுமா?"

மொட்டை மாடியில் நிற்பவளை மறுபடி கீழே இழுத்துக் கொண்டுவந்து இருட்டில் விட வேண்டும். அதுவும் நானே. மைக்கைக் கிட்டே இழுத்தேன். சிக்கிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று சொல்வதைத்தான் அவளிடமும் சொன்னேன்.

"பாப்பா, நீ உள்ள இருக்கேன்னு தெரிஞ்சுபோச்சு. நான் இங்கேதான் நிக்கிறேன், உன்னை விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவை. படி ஏறு."

நாடித்துடிப்பு எகிறியது. பிறகு, திரையின் உச்சியில் நிறம் துளிர்த்தது. அவள் ஏறத் தொடங்கினாள்.