றஹீம் நானாவின் கதவிலுள்ள ஓட்டை

1

இந்தக் கதை என் ரொட்டியிலிருந்து பிறந்தது. நான் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். மாவு கிடைப்பதே அபூர்வமான 1974இல், அப்புத்தளை றஹீம் நானாவின் கடையில் வாங்கிய மாவில் எலிப் புழுக்கை இருந்தது. இரண்டு ரொட்டி தின்ற பிறகே கண்டேன். சண்டை பிடிக்கப் போய், கதையோடு திரும்பினேன். மாவை மாற்றித் தரவில்லை.

2

முதல் தொடக்கம்: "மூடுபனி சூழ்ந்த மலையுச்சியில் ஒரு பூனை மெல்ல..." [அடித்துவிட்டேன். மூடுபனி இல்லாமல் அப்புத்தளையைப் பற்றி எழுதுகிறவனுக்குப் பரிசே கொடுக்கலாம்.]

நேராகவே சொல்கிறேன். சீனி என்ற தன் பூனை வந்துபோக, நானா கடைக் கதவின் அடிப்பலகையில் ஓர் ஓட்டை வெட்டியிருந்தார். போன மாதம் சீனி லொறியில் அடிபட்டுச் செத்தது. ஓட்டை மட்டும் இருக்கிறது. அதன் வழியாக எலி வருகிறது, பனி வருகிறது, நானாவின் மனைவி ஸவாஹிராவுக்கு மூச்சிரைப்பும் வருகிறது. வராதவர்கள் வாடிக்கைக்காரர்கள்தான்.*

* இதில் வர்க்கப் போராட்டம் எங்கே என்று கொழும்புப் பத்திரிகை ஆசிரியர் கேட்டு எழுதினார். எலிகளைக் கணக்கில் எடுக்கச் சொன்னேன்.

3

நானா விம்மி அழுததாக எழுதிப் பார்த்தேன். ஆள் ஒத்துழைக்கவில்லை. கேட்பவர்களிடமெல்லாம் பூனைதானே என்று சிரிக்கிறார். ஸவாஹிரா மூன்று தடவை குட்டி கொண்டுவந்தார். நிறம் சரியில்லை என்று நானா மூன்றையும் திருப்பி அனுப்பினார், சேலை எடுக்கிறவர் மாதிரி.

ஓட்டையை அடைத்தால் என்ன என்று கேட்டேன். நானா தராசுத் தட்டைத் துடைத்தார். சுத்தமாக இருந்ததைத் திரும்பவும் துடைத்தார்.

"அடச்சா, அது எப்படி மாஸ்டர் உள்ளுக்கு வாற?"

"நீங்கதானே நானா பொதைச்சீங்க?"

"நாந்தான் பொதச்ச."

என் நக்கலெல்லாம் அந்த இடத்தில் தீர்ந்துபோனது. எனக்கு அழுகை வந்தது.

4

முடிவு அ: நான்காவது குட்டியை நானா தூக்கிக் கொஞ்சுகிறார். [பாடப்புத்தகத்துக்கு ஆகும்.]

முடிவு ஆ: மூச்சிரைப்பு முற்றி, ஸவாஹிரா... [வேண்டாம். எனக்குத் தேத்தண்ணி தந்த மனுசி.]

முடிவு இ: நானே அடைத்துவிடுகிறேன். இதற்காகப் பலகை, சுத்தியல், ஆணியோடு ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே போனேன். நானா தடுக்கவில்லை. "அடிங்க மாஸ்டர்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். குனிந்தேன். ஓட்டையின் விளிம்பில் வெள்ளை மயிர் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

5

பலகை கதவோரம் சாய்ந்திருக்கிறது. ஆணிகள் தராசுத் தட்டில். உள்ளே ஸவாஹிரா இருமிக்கொண்டிருக்கிறார். இவ்வளவு தூரம் வாசித்த நீங்கள் கட்டாயம் என்னைவிடக் கெட்டிக்காரர். போய் அடித்துவிட்டு வாருங்கள். குனியும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.