படத்தில் இல்லாத ரயில்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, மாட்டியது. ஒரு லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோய், நாற்பது நிமிடம் உள்ளே இருந்தேன். வெளியே வேலை பார்த்த மெக்கானிக், நான் பயந்துவிடக் கூடாது என்று, அண்மையில் பார்த்த படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். பயம் போய்விட்டது. அதன் இடத்தில் கோபம் வந்தது; அவருடைய அபிப்ராயங்கள் அப்படி. பிறகு மூன்று தடவை டீ வாங்கிக் கொடுத்து மீதியைக் கறந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "திரை இருளும்போதுதான் மனிதன்..." [மனிதன் என்ன செய்கிறான் என்று ஒரு வாரம் யோசித்தும் பிடிபடவில்லை. விட்டுவிட்டேன்.]

அடுத்த வரைவில் அவரைக் கண்ணாடிக் கடைக்காரர் ஆக்கினேன். பார்வை, குறியீடு, இன்ன பிற. மறுநாள் படித்தபோது எனக்கே கூசியது. லிஃப்ட் மெக்கானிக்காகவே இருக்கட்டும்.

2

மெக்கானிக் திங்கள்தோறும் தன் முகநூல் பக்கத்தில் ஒரு பதிவு போடுவார். ஒன்பதாயிரம் பேர் படிக்கிறார்கள்.

புதுப்படம் ஒன்றைப் பற்றி: "நாயகன் ஃப்ரிட்ஜைத் திறப்பதைக்கூட ஸ்லோமோஷனில் காட்டுகிறார்கள். அதற்குள் பால் திரிந்துவிடுகிறது." பழைய படம் ஒன்றைப் பற்றி: "ஒரு கடிதத்தை யாரும் பிரிக்காததால் காதலர்கள் பதினெட்டு ரீல் பிரிந்திருக்கிறார்கள். படத்தில் அடக்கமாக நடித்திருப்பது அந்தக் கடிதம் மட்டும்தான்." விருது வாங்கிய படத்துக்கு: "ஒருவர் ஜன்னல் வழியாகப் பதினோரு நிமிடம் வெளியே பார்க்கிறார். அங்கே நல்ல படம் ஏதாவது ஓடியிருக்கலாம்."

இவ்வளவு கறாரான மனிதர் எந்தப் படத்தையும் இருபது நிமிடத்துக்கு மேல் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்வார். பெயர்கள் ஓடி முடிவதற்குள் குறட்டை. மனைவி நர்ஸ், ஞாயிறு பெரும்பாலும் டியூட்டி. வீட்டில் அவரும் மாமியாரும்தான். மாமியார் கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கடைசி எழுத்து வரை பார்ப்பார்.

படம் முடிந்ததும் மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பார்: "முடிவைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க அத்தை?"

பரீட்சை வைக்கிற வாத்தியார் தோரணை. அத்தை கதையைச் சொல்வார். 'நீங்க தூங்கிட்டீங்க மாப்பிள்ளை' என்று ஒரு மாமியார் எப்படிச் சொல்வது?

[ஒன்பதாயிரம் பேரில் ஒருவருக்குமா சந்தேகம் வரவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அவங்களும் இருபது நிமிஷம்தான் சார் பார்ப்பாங்க" என்றார்.]

3

வினை ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் வந்தது. கணவன் படுத்தும் பாட்டையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் ஒருத்தியின் கதை. முடிவைக் கேட்டபோது அத்தை கொஞ்ச நேரம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டியை எடுத்துக்கிட்டு ரயிலேறிப் போயிடுறா மாப்பிள்ளை. டிக்கெட் கொடுக்கிறவன் எந்த ஊருன்னு கேக்குறான். இந்த ரயில் எதுவரைக்கும் போகும்னு இவ கேக்குறா. அவன் சொல்றான். அதுக்கு ஒண்ணு கொடுங்கன்னு வாங்கிக்கிறா. அவ்வளவுதான்."

மெக்கானிக் உருகிப்போனார். அறுபது வருடத்துக்கு முன்பே இப்படி ஒரு முடிவா என்று நீளமாக எழுதினார். பதிவு பறந்தது. அந்தக் காட்சியைச் சின்ன வயதில் பார்த்து அழுததாக ஒருவர் எழுதினார். டிக்கெட் கவுண்டரின் கம்பிகள் திருமணத்தைக் குறிக்கின்றன என்று ஒரு பேராசிரியர் மூன்று பத்தி விளக்கினார். [அந்தப் பேராசிரியரை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். மிகையாகத் தெரிகிறது. ஆனால் அவர் விஷயத்தில் நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.]

பிறகு ஒரு திரைப்படச் சங்கத்தார் அழைத்தார்கள். சனிக்கிழமை காலை அந்தப் படத்தைத் திரையிடுகிறோம், அறிமுகம் செய்து பேச வேண்டும் என்று. மெக்கானிக் சட்டையை இஸ்திரி போட்டு, அத்தையையும் கூட்டிக்கொண்டு போனார்.

4

அவர் இருபத்தைந்து நிமிடம் பேசினார், முக்கால்வாசி ரயிலைப் பற்றி. பிறகு படம் ஓடியது. பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்க முடியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு படத்தை முழுசாகப் பார்த்தார்.

கடைசிக் காட்சியில் அவள் கணவனின் காலில் விழுந்தாள். அவன் மன்னித்தான். வணக்கம்.

விளக்கு போட்டார்கள். நாற்பது தலைகள் திரும்பின.

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் கைவசம் இருந்தன. ஒன்று, அவர் கண்ணீரோடு உண்மையை ஒப்புக்கொள்கிறார், அரங்கம் எழுந்து நின்று... [கொட்டாவி வந்தது. நிறுத்திவிட்டேன்.] இரண்டு, பிரதியில் அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று சாதிக்கிறார். இது அவருக்குப் பொருந்தும். உண்மையிலேயே அதைச் சொல்லத்தான் எழுந்தார்.

அதற்குள் அத்தை எழுந்துவிட்டார்.

"அந்த சீன் படத்துல கிடையாது. நான் சொன்னது. மாப்பிள்ளை என்னை நம்பி எழுதிட்டார். தப்பு என்னோடது."

தூங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முன்வரிசையில் ஒரு பெரியவர், "இல்லம்மா, இருந்துச்சு. நான் தியேட்டர்ல பார்த்திருக்கேன்" என்றார்.

"இல்லைங்க. நான் இட்டுக்கட்டினது."

"உங்களுக்கு மறந்திருக்கும்மா. கவுண்டர் கம்பிகூட எனக்கு ஞாபகம் இருக்கு." பேராசிரியரும் தலையாட்டினார். கூட்டம் அத்தைக்கு எதிராகத் தீர்ப்பளித்துவிட்டு டீ குடிக்கப் போனது.

5

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் கேட்டார். "நான் தூங்குறது எப்பலேருந்து தெரியும் அத்தை?"

"முதல் படத்துலேருந்து."

"எத்தனை படத்துக்கு இப்படி மாத்திச் சொல்லியிருக்கீங்க?"

"முப்பது இருக்கும். சில முடிவெல்லாம் சகிக்கலை மாப்பிள்ளை. கோர்ட்டுல முப்பத்தொரு வருஷம் அடுத்தவங்க சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம தட்டினேன். 'அடிக்கலை'ன்னு ஒருத்தி பயந்துக்கிட்டே சொல்வா. அதையும் அப்படியே தட்டணும்" என்றார்.

மெக்கானிக்குக் கோபம் வரவேண்டும். நான் இரண்டு பக்கம் கோபம் எழுதி வைத்திருந்தேன். "வரலையே சார், என்ன பண்றது" என்றார். அந்த முப்பது பதிவுகளைத்தான் எல்லாரும் நல்லாயிருக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் அத்தையைக் கேட்டுத் தேடிப் பார்த்தாராம்.

6

மறுநாள் ஞாயிறு. அவர் சோபாவை விட்டுவிட்டு, அத்தைக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். புதுப்படம். ஒரு தச்சர் யாருமே குடிவராத வீட்டுக்குக் கதவு செய்துகொண்டிருக்கிறார். முதுகு வலிக்க வலிக்க முழுசாகப் பார்த்தார். கடைசி வரை அந்தக் கதவு திறக்கவே இல்லை.

"முடிவைப் பத்தி என்ன நினைக்கிறீங்க அத்தை?"

"நீங்கதான் முழுசாப் பார்த்தீங்களே."

"பார்த்தேன். நீங்க சொல்லுங்க."

அத்தை டிவியை அணைத்தார். மாப்பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "கதவு திறக்குது" என்று ஆரம்பித்தார்.

யார் திறந்தது, வெளியே நின்றது யார் என்பதெல்லாம் மெக்கானிக் என்னிடம் சொன்னார். என் கதைக்கு அதைவிட நல்ல முடிவு அமையாது. அதனால்தான் எழுதவில்லை, அது அத்தையுடையது. திங்கட்கிழமை பதிவில் முதல் தடவையாக அத்தையின் பெயரோடு வந்தது, வேண்டுமானால் தேடிக்கொள்ளுங்கள். தேடச் சோம்பலாக இருந்தால், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நீங்களே ஒன்று சொல்லுங்கள். கதவு திறக்கிறது. வெளியே